நடுவர் நாற்காலியில் நான்

பிப்ரவரி 9, ஞாயிறு

காலையில் இருதயராஜ் வந்திருந்தான். ஒரத்தநாட்டிலிருந்து பஸ் பிடித்து, கையில் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு. கல்லூரி விடுதியில் ஒரே அறையில் கிடந்தவர்கள் நாங்கள். இன்று ஒரே பட்டிமன்றக் குழுவில் ஊர் ஊராகப் பேசுகிறோம். அவன் நடுநிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியார், நான் மேல்நிலைப் பள்ளியில் வேதியியல். மேடையில் அந்த வித்தியாசம் தெரியாதபடி நான்தான் அவனைப் பார்த்துக்கொள்கிறேன்.

வந்தவனுக்குத் திருவாரூரில் நான் பேசிய வீடியோவை டிவியில் போட்டுக் காட்டினேன். அவனும் அந்த மேடையில் இருந்தவன்தான். ஆனாலும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பது வேறு, எதிரே உட்கார்ந்து பார்ப்பது வேறு. கைதட்டல் வரும் இடங்களில் நிறுத்தி, அங்கே நான் ஏன் பேச்சை நிறுத்தினேன், ஏன் தண்ணீர் குடித்தேன் என்றெல்லாம் விளக்கினேன். "வைத்தி, உங்கிட்ட ஒரு விஷயம் சொல்லணும்னுதான் வந்தேன்" என்றான். "இருடா, இந்த இடம் முடியட்டும்" என்றேன். அது முடிந்ததும் அதைவிட நல்ல இடம் ஒன்று வந்துவிட்டது. சாப்பிட்டுவிட்டு மதிய பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டான்.

கோமளா வாசல் வரை போய் வழியனுப்பிவிட்டு வந்தாள். "அண்ணன் ஏதோ சொல்ல வந்தாரு போலருக்கே, நீங்க வாயத் தெறக்க விட்டாத்தானே" என்றாள். என் மனைவிக்கு எதிலும் ஒரு குறை. முக்கியமான விஷயம் என்றால் சொல்லாமலா போயிருப்பான்?

சிலிண்டர் தீர்ந்துவிட்டது. பதிவு செய்தாயிற்று.

பிப்ரவரி 16, ஞாயிறு

வயிறு எரிகிறது. எழுதினாலாவது ஆறுமா என்று பார்க்கிறேன்.

எங்கள் நடுவர் புலவர் அரங்கநாயகம் ஐயா முழங்கால் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு இனி மேடை ஏறுவதில்லை என்று சொல்லிவிட்டார். பாவம். அடுத்த நடுவர் யார் என்பதில் எனக்கு ஒரு நொடிகூடச் சந்தேகம் இருந்ததில்லை. போன மாதமே பட்டு ஜிப்பா தைத்து வைத்துவிட்டேன். இன்று குழுவின் ஒருங்கிணைப்பாளர் துரைமாணிக்கம் கூப்பிட்டார். மார்ச் எட்டாம் தேதி, ஒரத்தநாட்டில் வியாபாரிகள் ஆண்டு விழா. தலைப்பு, 'வாழ்வில் நம்மைத் தாங்கிப் பிடிப்பது உறவா, நட்பா?'

"தீர்ப்பை எந்தப் பக்கம் சொல்றதுன்னு யோசிச்சுச் சொல்றேன்" என்றேன்.

அந்தப் பக்கம் கொஞ்சம் இருமினார். "அண்ணே, நடுவர் இருதயராஜ் சாருங்க. உங்ககிட்ட அவரு சொல்லலியா? நானே நேர்ல போயிச் சொல்லிக்கிறேன்னு போன ஞாயித்துக்கெழம கெளம்பி வந்தாரே?"

வந்தானே! வந்து, என் வீட்டில் உட்கார்ந்து, வத்தக்குழம்பை ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு, வாயைத் திறக்காமல் போனானே! முப்பது வருஷ நட்பு. முதல்முதலாக மைக் முன்னால் நின்றபோது கால் உதறியவனை, 'நான் இருக்கேன்டா' என்று தட்டிக்கொடுத்தது யார்? அவன் சொல்லும் துணுக்குகள் எத்தனையை நான் எடுத்து மேடையில் சொல்லி உயிர் கொடுத்திருக்கிறேன்! அவன் சொன்னால் வெறும் துணுக்கு, நான் சொன்னால் கைதட்டல். அதற்கெல்லாம் கிடைத்த நன்றி இது.

பிப்ரவரி 17, திங்கள்

பள்ளிக்குக் கிளம்புமுன் போனில் அவனைப் பிடித்தேன். "இப்படிக் காலை வாரிவிடுவேன்னு நெனைக்கல" என்றேன்.

"நான் கேட்டு வாங்கலடா. அவங்களாத்தான் சொன்னாங்க. வைத்தியைப் போடுங்கன்னுதான் நான் மொதல்ல சொன்னேன்."

"அதுக்கு அவங்க என்ன சொன்னாங்க?"

"அத விடு" என்றான்.

விடு என்றால் என்ன அர்த்தம்? என் பெயரை இவன் சொல்லவே இல்லை என்று அர்த்தம்.

பிப்ரவரி 18, செவ்வாய்

செய்முறைத் தேர்வு. பியூரெட் மூன்றை உடைத்துவிட்டார்கள். யாரிடமும் பேசவில்லை.

பிப்ரவரி 23, ஞாயிறு

பேராவூரணியில் பகல் நிகழ்ச்சி. வெளியூர் நடுவர் ஒருவர் வந்தார், சுமார். வேனில் போகும்போதே வழக்கம்போல யாரை யார் சீண்டுவது, எந்தச் சீண்டலுக்கு என்ன பதில் என்று இரண்டு அணியும் சேர்ந்து பேசி முடித்துக்கொண்டோம். ஜனங்கள் மேடையில் நாங்கள் அடித்துக்கொள்வதாக நினைப்பார்கள். எல்லாம் வேனில் வைத்துப் பேசியதுதான். பேசாத ஒன்றை மேடையில் கிளப்புவதில்லை, வேனில் பேசும் சொந்தக் கதையை மேடைக்குக் கொண்டுபோவதில்லை. எழுதாத சட்டம்.

திரும்பும்போது டீ குடிக்க நிறுத்தினார்கள். இருதயராஜ் என்னைத் தனியே வேப்பமரத்தடிக்கு அழைத்துப் போனான். சமாதானம் பேச வருகிறான் என்று நினைத்தேன். அவன் மகள் செலின் பற்றி.

செலினை அவனுடைய அக்கா மகனுக்கே கட்டிக்கொடுத்தான். கல்யாணத்துக்கு நான்தான் வாழ்த்துரை, நல்ல கூட்டம். அந்தப் பிள்ளை இப்போது நான்கைந்து மாதமாக அப்பா வீட்டில் இருக்கிறதாம். ஆசிரியர் தகுதிக்கான டெட் பரீட்சைக்குப் படிக்கிறது என்று ஊரில் சொல்லிவைத்திருக்கிறார்கள். உண்மையில் மாப்பிள்ளைக்கு ஏற்கெனவே வெளியூரில் ஒரு பெண்ணும் குழந்தையும் இருந்திருக்கிறது. அக்காவுக்குத் தெரியும். தெரிந்தே மறைத்துக் கட்டிவைத்திருக்கிறாள்.

"கூடப் பொறந்தவடா, வைத்தி" என்று சொல்லிவிட்டு டீ கிளாசைப் பிடித்தபடியே அழுதான். "உங்கிட்ட மட்டுந்தான் சொல்றேன். வெளில தெரிஞ்சா அந்தப் புள்ள தாங்காது. ரூமை விட்டே வரமாட்டேங்குது."

ஆறுதல் சொன்னேன். எனக்குப் பதவி உயர்வு தள்ளிப்போன வருஷம் நான் எப்படியெல்லாம் மனம் உடைந்து கிடந்தேன் என்பதை விவரமாகச் சொல்லித் தேற்றினேன். அமைதியாகக் கேட்டுக்கொண்டான். வேன் டிரைவர் ஹாரன் அடித்ததால் பாதியில் முடிக்க வேண்டியதாயிற்று.

இவ்வளவு பெரிய விஷயத்தை என்னிடம் மட்டும்தான் சொல்லியிருக்கிறான் என்றால், எனக்கு அவன் வாழ்க்கையில் என்ன இடம் என்று அவனுக்கே தெரிந்திருக்கிறது. பின் எதற்கு அந்த நாற்காலி?

கேட்டுக்கொண்டிருக்கும்போதே ஒரு ஓரத்தில், இது 'உறவா நட்பா' தலைப்புக்கு எப்படிப் பொருந்துகிறது பார் என்று ஓடியது. பேச்சாளன் மூளைக்கு ஓய்வே கிடையாது.

மார்ச் 2, ஞாயிறு

விழாவுக்கான பிளெக்ஸ் படத்தைத் துரைமாணிக்கம் வாட்ஸப்பில் அனுப்பியிருந்தார். நடுவில் இருதயராஜ், தோளில் சால்வையோடு, ஆளுயரத்துக்கு. நான் கீழே இடது மூலையில், தபால்தலை அளவில். 'நாவருவி' என்ற என் பட்டத்தையே காணோம். மக்கள் கொடுத்த பட்டம்!

"மக்கள் எப்பக் குடுத்தாங்க? பட்டுக்கோட்டையில இருதயராஜ் அண்ணன்தான் மைக்ல மொதல்ல அப்படிச் சொன்னாரு. நானும் அங்கதானே உக்காந்திருந்தேன்" என்றாள் கோமளா, கீரை ஆய்ந்துகொண்டே.

இந்த வீட்டில் பேசுவதைவிடச் சுவரோடு பேசலாம்.

மார்ச் 5, புதன்

பொதுத் தேர்வு மேற்பார்வைப் பணி. மூன்று மணி நேரம் நின்றுகொண்டே இருந்ததில், சனிக்கிழமைப் பேச்சு முழுவதும் மனதில் ஓடிவிட்டது. நட்பு அணியில் கடைசிப் பேச்சாளன் நான். எனக்குப் பிறகு தீர்ப்புதான். இவனுக்குக் கைதட்ட மிச்சம் வைக்கப் போவதில்லை.

மார்ச் 8, சனி

இன்று நடந்ததை உள்ளபடி எழுதிவிடுகிறேன். நாளைக்கு ஆளாளுக்கு ஒரு கதை கட்டுவார்கள்.

ஒரத்தநாட்டுக் கல்யாண மண்டபம், மாலை ஐந்து மணிக்கே நாற்காலி இல்லாத கூட்டம். வேனில் எல்லாம் பேசி முடித்திருந்தோம். உறவு அணியின் மங்கையர்க்கரசியை மாமியார் விஷயத்தில் நான் சீண்டுவது, அவர் என் வழுக்கையைச் சொல்லித் திருப்பிக் கொடுப்பது. மண்டபத்தில் எங்களை எதிர்கொண்ட இருதயராஜ் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். செலின் என்று ஏதோ ஆரம்பித்தான். நான் முடிவுரையை மனதுக்குள் ஓட்டிக்கொண்டிருந்ததால் காதில் வாங்கவில்லை.

நடுவராக அவன் பேசியதற்கு ஜனங்கள் சிரித்தார்கள். சொந்த ஊர், சிரிக்காமல் என்ன செய்வார்கள். ஒவ்வொரு பேச்சாளரையும் அவன் தூக்கித் தூக்கிப் பேச, நேரம் போய்க்கொண்டே இருந்தது. என் முறை வந்தபோது, "இவன் என் முப்பது வருஷ நண்பன், இவன் இல்லாம நான் இந்த மேடையில இல்ல" என்றான். அவ்வளவுதான். பட்டம் இல்லை, விருதுகள் இல்லை, திருவாரூர் இல்லை.

நான் ஆரம்பித்தேன். என்னவோ கூட்டம் ஒட்டவில்லை. மாமியார் துணுக்குக்கு முன்வரிசையில் நாலு பேர் சிரித்தார்கள். மங்கையர்க்கரசி என் வழுக்கையைச் சொன்னதற்கு மண்டபமே சிரித்தது. பக்கத்தில் இருதயராஜும் சிரித்தான். நன்றாகப் பார்த்தேன், வாய் விட்டுச் சிரித்தான். அப்புறம் மணியை அடித்தான். என்னை! மணி அடித்தால் உட்கார நான் என்ன பள்ளிக்கூடப் பையனா?

அப்போதுதான் அது தானாக வாயில் வந்தது.

"உறவு உறவுங்கிறீங்களே! எனக்குத் தெரிஞ்ச ஒரு வாத்தியார். சொந்தம் விட்டுப்போகக் கூடாதுன்னு அக்கா மகனுக்கே பொண்ணக் கட்டிக் குடுத்தாரு. மாப்பிள்ளைக்கு ஏற்கெனவே வெளியூர்ல ஒரு குடும்பம் ஓடிக்கிட்டிருக்கு! அக்காவுக்குத் தெரியும், மச்சானுக்குத் தெரியும். தெரியாத ஒரே சொந்தம் நம்ம வாத்தியாருதான்!"

சிரிப்பு பிய்த்துக்கொண்டு வந்தது. வந்த சிரிப்பை யார்தான் விடுவார்கள்?

"இப்பப் பொண்ணு அப்பா வீட்ல. ஊருக்குள்ள என்ன சொல்லி வச்சிருக்காங்க தெரியுமா? டெட் பரீட்சைக்குப் படிக்குதாம்!"

பின்வரிசையிலிருந்து கைதட்டல், விசில். முன்வரிசைகளில் மட்டும் சத்தம் திடீரென்று நின்றது. எல்லாத் தலையும் பெண்கள் பக்கம் மூன்றாவது வரிசைக்குத் திரும்பியது. அங்கே செலின் உட்கார்ந்திருந்தது. வருகிறது என்று எனக்கு எப்படித் தெரியும்? முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டாமா? உட்கார்ந்திருந்தவர்களின் முழங்காலில் எல்லாம் இடித்துக்கொண்டு அந்தப் பிள்ளை வெளியே ஓடியது.

நான் பெயர் எதுவும் சொல்லவில்லை. ஊர் சொல்லவில்லை. எத்தனையோ வாத்தியார்கள் இருக்கிறார்கள்.

இருதயராஜ் எழுந்தான். என்னைத் திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். என்னைப் பார்க்கவே இல்லை. சால்வையை மடித்து மேஜைமேல் வைத்துவிட்டு மேடையை விட்டு இறங்கிப் போனான். பின்னாலேயே மங்கையர்க்கரசி.

தீர்ப்பு சொல்லாமல் ஒரு நடுவர் இறங்கிப் போனதை நான் என் வாழ்நாளில் கண்டதில்லை. மண்டபத்தில் ஒரே சலசலப்பு. விழா பாதியில் நின்றால் கூப்பிட்டவர்களுக்கு என்ன மரியாதை? நாற்காலி காலியாக இருந்தது. போய் உட்கார்ந்தேன். நட்பே நம்மைத் தாங்கிப் பிடிப்பது, ஏனென்றால் உறவு நம் குறையை ஊருக்குச் சொல்லும், நண்பன் மறைப்பான் என்று தீர்ப்புச் சொன்னேன். கைதட்டினார்கள். முன்வரிசை தட்டவில்லை, ஆனாலும் தட்டினார்கள். நடுவருக்கு வைத்திருந்த பொன்னாடையை எனக்குப் போர்த்தினார்கள்.

திரும்பும்போது வேனில் மங்கையர்க்கரசி வரவில்லை. மற்றவர்கள் தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டு வந்தார்கள். நிகழ்ச்சியைக் காப்பாற்றியவனுக்கு ஒரு வார்த்தை இல்லை.

மார்ச் 9, ஞாயிறு

அவன் கூப்பிடுவான் என்று பார்த்தேன். இல்லை.

மங்கையர்க்கரசி கூப்பிட்டார். எடுத்தவுடன், "அண்ணே, உங்களுக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கா?" என்றார். வயதில் சிறியவர். "நீங்க இருக்கிற வண்டியில இனிமே எங்க வீட்டு விஷயத்த நான் வாயத் தெறந்து பேச முடியுமா? ஒருநா அதையும் மைக்ல சொல்லிட்டு, பேரு சொல்லலையேம்பீங்க."

மேடையில் என்னைவிடக் கைதட்டல் குறைவாக வாங்கிய ஆற்றாமை என்னென்ன பேச வைக்கிறது!

மார்ச் 13, வியாழன்

மோட்டார் ஓடவில்லை. காயில் எரிந்துவிட்டதாம். அவனிடமிருந்து போன் இல்லை.

மார்ச் 16, ஞாயிறு

கோமளா காலையில் தங்கை வீட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனாள். சாயந்திரம் வந்தவள் பையில் ஒரத்தநாட்டு பஸ் டிக்கெட். என் வீட்டுக்குள்ளேயே இப்படி!

"அண்ணன் ஒண்ணும் பேசல. செலின்தான் காப்பி போட்டுக் குடுத்துச்சு" என்றாள். "அஞ்சு மாசமா வெளியில வராத புள்ள, அப்பா நடுவரா உக்காருறதப் பாக்கணும்னு அன்னிக்குத்தாங்க மொத மொத வந்திருக்கு. புதுச் சுடிதார் எடுத்துக் குடுத்துக் கூட்டிட்டு வந்திருக்காரு."

"அதுக்கு நானா பொறுப்பு? அவன் தங்கமான அக்காவப் போய்க் கேளு."

"அக்கா ஏமாத்துனது வீட்டுக்குள்ளங்க" என்றாள். உள்ளே போய்விட்டாள். மூன்று வேளையும் சோறு போடுகிறாள், முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அவளையும் என்னிடமிருந்து பிரித்துவிட்டான்.

மார்ச் 23, ஞாயிறு

பங்குனி மாதம், பட்டிமன்றத்துக்கு அலைமோதும் காலம், என் போன் மட்டும் அடிக்கவில்லை. துரைமாணிக்கத்தை நானே கூப்பிட்டேன். சுற்றிச் சுற்றிப் பேசினார். பிடித்து நிறுத்திக் கேட்டேன்.

"மனசுல வச்சுக்காதீங்கண்ணே. பல ஊர்ல உங்கள வேணாம்னுதான் ரொம்ப நாளாச் சொல்லிக்கிட்டிருந்தாங்க. நேரம் எடுத்துக்கிறாரு, மத்தவங்கள மதிக்க மாட்டேங்குறாருன்னு. இருதயராஜ் சார்தான், வைத்தி வந்தா நான் வர்றேன், இல்லாட்டி ரெண்டு பேரும் இல்லன்னு நிப்பாரு. அதனாலதான் இத்தன வருஷம் ஓடுச்சு. இப்ப அவரு மேடையே வேணாம்னுட்டாரு."

போனை வைத்துவிட்டேன். என்னை வேண்டாம் என்கிறார்கள் என்பது அவனுக்கு இத்தனை வருஷமாகத் தெரிந்திருக்கிறது! தெரிந்துகொண்டே பக்கத்தில் உட்கார்ந்து, டீ குடித்து, 'நல்லாப் பேசுனே வைத்தி' என்று சொல்லியிருக்கிறான். மனதுக்குள் என்னைப் பார்த்து எவ்வளவு பரிதாபப்பட்டிருப்பான்! என்னிடம் மறைத்தவன் எனக்கு நண்பனா? இதைவிடப் பெரிய துரோகம் இருக்கிறதா?

மார்ச் 24, திங்கள்

அவன் 'நல்லாப் பேசுனே' என்று சொன்னதாவது நிஜமா?

மார்ச் 30, ஞாயிறு

இனி யாரையும் நம்பிப் பயனில்லை. எங்கள் நகர் குடியிருப்போர் விழாவில் நானே ஒரு பட்டிமன்றத்துக்கு ஏற்பாடு செய்துவிட்டேன். நடுவர் நான். பழைய பேச்சாளர்கள் எல்லாரையும் கூப்பிட்டுப் பார்த்தேன். ஒருவருக்குத் தொண்டை, ஒருவருக்குக் கல்யாணம், ஒருவர் எடுக்கவே இல்லை. எல்லாரும் ஒரே பேச்சாகப் பேசி வைத்திருக்கிறார்கள். கடைசியில் நகரிலேயே மூன்றாவது தெரு வங்கிக்காரரையும், யோகா சொல்லித்தரும் அம்மாளையும், இன்னும் இரண்டு பேரையும் பிடித்தேன்.

ஏப்ரல் 5, சனி

சாயந்திரம் நிகழ்ச்சி நன்றாக நடந்தது. பட்டு ஜிப்பா எடுப்பாக இருந்தது. கோமளா தலைவலி என்று வரவில்லை.

ஏப்ரல் 6, ஞாயிறு

விடிந்ததிலிருந்து யாரிடமாவது சொல்ல வேண்டும் போல் நெஞ்சு கிடந்து அடித்துக்கொண்டது. போனில் இருக்கும் பெயர்களை எல்லாம் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். சொன்னால் புரிகிற ஆள் ஒருவன்தான் இருக்கிறான். என்ன செய்திருந்தாலும் பரவாயில்லை, பெரிய மனது பண்ணி நானே கூப்பிட்டேன்.

எடுத்தான்!

"இருதயம், நான்தான்டா" என்றேன். பதில் இல்லை. ஆனால் வைக்கவும் இல்லை. மூச்சுச் சத்தம் கேட்டது. அது போதாதா? எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நேற்றைய மேடையை முதலிலிருந்து சொன்னேன். நாற்காலி எப்படிப் போட்டிருந்தார்கள், வங்கிக்காரர் உளறியதை நான் எப்படி எடுத்துச் சமாளித்தேன், தீர்ப்பில் எந்த இடத்தில் குரலை இறக்கினேன், எல்லாம். பாதிக் கூட்டம் சாப்பாட்டுப் பந்திக்கு எழுந்து போனதை மட்டும் விட்டுவிட்டேன். இவ்வளவு நாள் அடைத்துக் கிடந்தது எல்லாம் கொட்டித் தீர்ந்தது. குறுக்கே ஒரு வார்த்தை பேசாமல் கேட்டான். அவனைப் போலக் கேட்க ஆள் கிடையாது.

"சொல்லுடா, எப்படி?" என்றேன்.

"மாமா, நான் செலின் பேசுறேன்."

"அப்பா எங்கம்மா?"

"உங்க பேரப் பாத்ததும் போன என் கையில குடுத்துட்டு வெளில போயிட்டாரு."

"அப்ப இவ்வளவு நேரம் நீயா கேட்டுக்கிட்டிருந்தே?"

"ஆமா மாமா. எங்கயாச்சும் ஒரு எடத்துல, செலின் எப்படி இருக்குன்னு கேப்பீங்களோன்னு பாத்தேன்."

"எப்படிம்மா இருக்கே?" என்று உடனே கேட்டேன். கேட்டேன்தானே? அதற்குள் வைத்துவிட்டது.

மறுபடி கூப்பிட்டேன். எடுக்கவில்லை. மறுபடியும் கூப்பிட்டேன்.

கோமளா காப்பியோடு வந்து நின்றாள். "இவ்வளவு நேரம் யார்கிட்டங்க பேசிக்கிட்டிருந்தீங்க?" என்றாள்.

"இருதயம்தான்" என்றேன். "அவனேதான் கூப்பிட்டான். நேத்து ரொம்ப நல்லாப் பேசுனேன்னு யாரோ சொன்னாங்களாம்."